சேராத குழவி

கவிதைப் போட்டிக்கு நடுவராக அமர்வது இன்பமான பணியெனப் பலர் எண்ணுகின்றனர். நூறு கவிதைகளை ஓரிரவில் வாசித்து முடிக்க நேர்ந்தவர் அவ்வாறு எண்ணார். சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பசறைப் பகுதி மாணவரிடையே நடந்த ஒரு போட்டிக்கு நாமும் நடுவராக இருந்தோம். 'குடும்பமும் இனமும்' என்பது கொடுக்கப்பட்ட பொருள். அன்று நாம் வழங்கிய தீர்ப்புப் பிழையானது. இத்தனை காலங் கழித்து அதை வாசகர் முன் ஒப்புக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கவிதையிலே படிமமும் முரணும் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை நாம் சரிவர உணர்ந்தது அந்தப் பிழையின் வழியாகத்தான்.

முதற் பரிசு பெற்ற கவிதை தேயிலையைப் பற்றியது. வெள்ளைக் கோப்பையிலே ததும்பும் தேநீரின் செந்நிறத்தைத் தொழிலாளியின் குருதியாகக் கண்டிருந்தான் அந்த மாணவன். எதுகையும் மோனையும் வழுவாது வந்திருந்தன. மேடையேறி அவன் உரத்த குரலில் வாசித்தபோது மண்டபம் அதிரக் கரகோஷம் எழுந்தது. நாமும் கை தட்டினோம். மற்றைய இரு பரிசுகளும் ஏறத்தாழ அதே குருதியையும் அதே கோப்பையையும் கொண்ட கவிதைகளுக்கே சென்றன. உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருந்த சிறு கவிதையின் ஓரத்தில் நாம் இட்ட குறிப்பு, 'நன்று. ஆயினும் உணர்ச்சி போதாது' என்பதாகும்.

அக்கவிதையின் செய்தி இது. மாணவியின் அம்மாயி, அதாவது தாயைப் பெற்ற பாட்டி, மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த வேளையில் அவருடைய பெற்றோரும் தம்பிமாரும் இந்தியாவுக்குப் புறப்படுகின்றனர். லயத்துக் காம்பராவிலிருந்த பண்டம் பாத்திரங்களைப் பங்கிடுகின்றனர். அம்மிக்கல்லைத் தூக்கிச் செல்ல இயலாது. அது மகளுக்கென இஸ்தோப்பிலேயே விடப்படுகிறது. ஆனால் தாயார் குழவியை மட்டும் பழஞ்சேலையிற் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறார். அம்மி எங்கும் கிடைக்கும், கைக்குப் பழகிய குழவி கிடையாது என்பது அவர் சொன்ன நியாயம். பின்னர் அம்மாயி ஆற்றிலே ஒரு கல்லைத் தேடியெடுத்துக் குழவியாக்கினார். அது அந்த அம்மியோடு சேரவில்லை. அன்று முதல் அந்த வீட்டுச் சம்பல் சற்றுக் கரகரப்பாகவே இருந்து வருகிறது. இவ்வளவே கவிதை. குருதி இல்லை. கண்ணீர் என்னும் சொல்கூட இல்லை.

இதன் பின்னணியை இளைய வாசகர் அறிந்திருத்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரிலே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, ஏறத்தாழ 975,000 பேரைக் கணக்கிற்கு எடுத்தது. அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 300,000 பேருக்கு இலங்கை உரிமை வழங்க வேண்டும். எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 7 பேர் அங்கு செல்ல 4 பேருக்கு இங்கு உரிமை என்பது முதல் உடன்படிக்கையின் விகிதம். விகிதத்திற்குத் தாயும் தெரியாது, மகளும் தெரியாது. பெற்றோரின் பெயர் ஒரு பட்டியலிலும் மணமான மகளின் பெயர் கணவனோடு வேறொரு பட்டியலிலும் இருந்த வீடுகள் எத்தனையோ. பதுளையிலே ரயிலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்வது அக்காலத்து வழி. அந்த ரயிலுக்கு எம்மவர் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'.

இனி, எமது மனம் எப்போது மாறிற்று என்பதைச் சொல்ல வேண்டும். போட்டி முடிந்து சில மாதங்கள் சென்றிருக்கும். வகுப்பிலே சங்க அகப்பாடல்களின் பாலைத்திணையை விளக்கிக்கொண்டிருந்தோம். காதலனோடு மகள் உடன்போக்குச் சென்றுவிட்டாள். வீட்டிலே தாய் தனித்திருக்கிறாள். மகள் ஆடிய பந்தும், அவள் வைத்து விளையாடிய பாவையும் அப்படியே கிடக்கின்றன. அவற்றைக் கண்ட தாயின் நெஞ்சு குமுறுகிறது. இந்தத் துறையை விளக்கும்போதே அந்த அம்மிக்கல் எமது நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டது. சங்கப்பாடலில் மகள் போகிறாள், தாய் விளையாட்டுப் பொருளோடு தங்குகிறாள். மலையகத்திலோ தாய் போகிறாள். மகள் அம்மியோடு தங்குகிறாள். ஈராயிரம் ஆண்டுப் பழைய துறையொன்றை இந்தச் சிறுமி தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறாள், அதுவும் தான் திருப்புவதை அறியாமலே! பாடத்தைத் தொடர எமக்குச் சிறிது நேரம் சென்றது.

நமூனுகுலை மலையடியில் வாழும் எமக்கு நிலத்தால் உரியது குறிஞ்சி. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல், பாலைக்குப் பிரிதல். வெயிலில் வெந்து உலர்ந்த வழியிலேதான் பிரிவைப் புலவர் பாடினர். ஆனால் ஒரு நிலத்துக்குரிய முதலும் கருவும் இன்னொரு திணையின் ஒழுக்கத்தோடு கலந்து வருவதையும் இலக்கணம் ஒப்புக்கொண்டது. அதனைத் திணைமயக்கம் என்பர். மலையகக் கவிதையைப் போல இதற்கு உதாரணம் வேறில்லை. இங்கே பனி உண்டு, அருவி உண்டு, ஆண்டு முழுவதும் மாறாத பச்சை உண்டு. அந்தப் பச்சைக்கு நடுவிலே பாலை நிகழ்கிறது. எமது கவிஞர்க்குக் கிடைத்த முரண்களுள் மிகப் பெரியது இது. இதைப் பயன்படுத்தியோர் மிகச் சிலரே என்பது எமது குறை.

கவிதையின் உள்ளே வருவோம். உவமையில் ஒரு பொருள் வேறொன்றைப் போல இருக்கிறது எனப் புலவன் வாய்விட்டுக் கூறுகிறான். இன்று நாம் படிமம் என வழங்குவதில் பொருள் தானாகவே நிற்கிறது. நின்றவாறே பிறிதொன்றையும் உணர்த்துகிறது. பழைய இலக்கணிகள் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பேசியவை இதற்கு அயலானவையல்ல. மாணவியின் அம்மி கடைசி வரை அம்மியாகவே இருக்கிறது. அதில் மிளகாயும் தேங்காயும் அரைபடுகின்றன. இரு அரசுகள் மக்களை எண்ணிப் பிரித்த செய்தி எங்குமே கூறப்படவில்லை. ஒரு கல் அதன் துணைக்கல்லிலிருந்து பிரிந்தது மாத்திரம் கூறப்படுகிறது. பிரிவின் அளவை வாசகன் நாவின் மேல் உணர்கிறான், சம்பலின் கரகரப்பாக. இன்னொன்று: குழவி என்பதற்கு அரைக்கும் கல் என்பது ஒரு பொருள், கைக்குழந்தை என்பது மற்றொரு பொருள். தாய் ஒரு குழவியை எடுத்துச் சென்றாள், ஒரு குழவியை விட்டுச் சென்றாள். இச்சிலேடையை மாணவி எண்ணி எழுதினாரா என்பது வேறு விடயம். மொழி தன் வேலையைச் செய்திருக்கிறது.

பரிசு பெற்ற கவிதையில் என்ன நேர்ந்தது? தேநீர் குருதியாகிய மறுகணமே தேநீர் மறைந்து போயிற்று. கோப்பை மறைந்தது. அதைக் குடிப்பவன் மறைந்தான். மேடையிலே குருதி மட்டும் நின்றது. குருதி எல்லாருக்கும் பொது. அதில் பசறையும் இல்லை, ஒரு குடும்பமும் இல்லை. முதன்முதலாக அவ்வாறு கண்டவன் மெய்யாகவே கண்டிருப்பான். ஆயிரத்தோராவது முறை சொல்பவன் காண்பதில்லை, கேட்டதைச் சொல்கிறான். மலையகத்தின் மூத்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1914 இல் பிறந்தவர். 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்திலே நெடுங்கவிதை எழுதினார். சக்தீ பால ஐயா அதைத் தமிழுக்குத் தந்தார். விடியலின் பறையொலியும், தேயிலைத் தூர்களின் கீழே கல்லறையும் நினைவுப் பூவும் இன்றி மண்ணாகிப்போன முன்னோரும் அதிலே அருகருகே நிற்கின்றனர். மேலே தளிர், கீழே பெயரற்ற புழுதி. அந்த முரண் அவர் கண்டுபிடித்தது. அதையே இன்றும் கடன் வாங்கிக் கையாள்வோர், முதலை விட்டு வட்டியைத் தின்கின்றனர்.

கோப்பையைப் பற்றிப் பேசியதனால் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் குவென்டலின் புரூக்ஸ் அம்மையாரின் கவிதைகள் இரண்டையும் கூற வேண்டும். 1950 இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினத்தவரும் அவரே. 1955 ஓகஸ்டில் சிக்காகோவைச் சேர்ந்த எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன், மிசிசிப்பி மாநிலத்திலே வெள்ளை இனப் பெண்ணொருத்தியை அவமதித்தான் என்ற பழியின் பேரிற் கொல்லப்பட்டான். குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும் வெள்ளையர் மட்டுமே கொண்ட யூரிமார் விடுவித்தனர். புரூக்ஸ் 1960 இல் வெளியிட்ட நெடுங்கவிதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? அந்த வெள்ளைப் பெண்ணின் சமையலறையிலே. அவள் காலை உணவுக்கு இறைச்சித் துண்டைப் பொரிக்கிறாள், அது கருகிவிடுகிறது. பள்ளியிற் படித்த பழங்கதைப் பாட்டு அவள் நினைவுக்கு வருகிறது. பால் நிறத்துப் பெண், அவளைத் துரத்தும் கரிய கொடியவன், காப்பாற்ற வரும் இளவரசன். தன்னை அந்தப் பெண்ணாக எண்ணிப் பார்க்கிறாள். ஆனால் கொடியவனோ வெறுஞ் சிறுவன்! பாட்டு அங்கேயே உடைந்து போகிறது. மேசையிலே கணவன் தன் பிள்ளையை அறைகிறான். அந்தக் கையை அவளாற் பார்க்க முடியவில்லை.

கறுப்பு, வெள்ளை என்பது எவர்க்கும் எளிதாகக் கிடைக்கும் முரண். புரூக்ஸ் அதை ஏற்கவில்லை. இன வெறுப்பை அதன் சொந்த வீட்டு அடுப்படிக்கே அழைத்து வந்து, அங்கே அது குழந்தையின் கன்னத்தில் விழுவதைக் காட்டினார். மகனை இழந்த சிக்காகோத் தாய்க்கென அவர் எழுதியதோ மிகச் சிறிய கவிதை. சிவந்த அறையொன்றிலே அமர்ந்து அவள் கறுப்புக் கோப்பி அருந்துகிறாள். கோப்பையிலுள்ளது கோப்பியாகவே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அது குருதியாக மாறியிருந்தால் அந்தத் தாயை நாம் பார்த்திருக்க மாட்டோம்.

எமது நாட்டிலேயே இதற்கு ஈடாக ஒன்று உண்டு. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கல்முனையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் அப்போது எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையிலே சுடப்பட்டு நூலகப் படியில் வீழ்ந்து கிடப்பவர் புத்தர். எரித்தவர் எந்தப் பெருமானின் பெயரைச் சொன்னாரோ அந்தப் பெருமானே இறந்தவராகிறார். 'நாமும் அவரும்' என்ற இரட்டைக் கோட்டை இந்தப் படிமம் கலைத்துவிடுகிறது. சிங்கள வாசகர் ஒருவரும் அந்தப் படியில் வந்து நின்று அழ இயலும். 1983 ஆடியிலே பதுளை நகரும் எரிந்தது. அப்போது சிங்கள அயலவர் வீடுகளில் ஒளிந்து உயிர் தப்பியோர் எம்மிடையே இன்றும் உளர். 'அவர்கள்' என ஒரே சொல்லில் முடிக்கும் கவிதைக்குள் அந்த அயலவருக்கு இடமே இராது. அம்மாயியின் கவிதையிலும் எவர் மீதும் பழி இல்லை. ஆற்றுக் கல் சேரவில்லை. அதற்கு ஆற்றைக் கோபித்துப் பயனென்ன?

அண்மையிலே அந்த மாணவியைப் பசறை பஸ் நிலையத்திலே கண்டோம். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எமது தீர்ப்புப் பிழையென்று கூறினோம். சிரித்தார், போட்டியையே மறந்துவிட்டாராம். குழவி என்பதற்குக் குழந்தை என்ற பொருளும் உண்டென்பதை நினைத்துத்தான் எழுதினீர்களா என்று வினவினோம். "குழவி என்றால் கல்லுதானே, சேர்?" என்றார். அந்த அம்மி இப்போது எங்கேயென்று கேட்டோம். இஸ்தோப்பிலேயே கிடப்பதாகவும், வீட்டுக்கு மிக்ஸி வந்த பின்னர் அதன் மேல் தண்ணீர்க் குடத்தை வைப்பதாகவும் கூறினார்.

அதையும் கவிதையிற் சேர்த்திருக்கலாமே என்றோம், ஆசிரியப் புத்தி போகாமல்.

"அது வேறொரு கவிதை, சேர்," என்று சொல்லிவிட்டு அவர் மடுல்சீமை பஸ்ஸில் ஏறிவிட்டார்.