சுருதி யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் கலைவிழாவில் நான் நடுவர். பென்னாகரம் பக்கத்து மலையூரிலிருந்து படிக்க வந்த இருளர் மாணவி ஒருத்தி, தன் பாட்டி பாடும் பாட்டைப் பாடினாள். மதிப்பெண் தாளில் 'சுருதி' என்றொரு கட்டம் இருந்தது. பத்துக்கு மூன்று போட்டேன். மறு ஆண்டு அவள் மேடையேறவில்லை. அந்த மூன்றை எழுதிய கை என்னுடையது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஜூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த பின்னணிப் பாடகி, அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பெண் நஞ்சியம்மா. 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியில் தானே கட்டிப் பாடிய பாட்டுக்குக் கிடைத்த விருது அது. உடனே ஓர் இசைக்கலைஞர் ஆட்சேபித்தார். சுருதி சேர்த்துப் பாடத் தெரியாதவருக்கு விருது கொடுத்தால், இசைக்காகவே வாழ்கிறவர்களுக்கு அவமானமில்லையா என்பது அவர் கேள்வி.

ஆடு மேய்த்துக்கொண்டே பாடிய ஆண்டுகள் சாதகக் கணக்கில் சேராதா? தம்பூரா முன் உட்கார்ந்தால் பயிற்சி, காட்டில் நின்றால் பழக்கம். இந்தப் பிரிவினையைச் செய்தது இசை அல்ல, சாதி.

ஆதரித்தவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. அவர்களில் பலர் கொண்டாடியது நஞ்சியம்மாவின் வெள்ளந்திச் சிரிப்பை. வித்வான்களுக்கு ஞானம், இவருக்கு வெகுளித்தனம்! வெகுளி என்று சொல்லிவிட்டால் அவருடைய படைப்புரிமையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. குடும்ப நிலத்துக்காக அவர் போராட வேண்டியிருந்தபோது, அந்தச் சிரிப்பைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் கூட நின்றோம்?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்கக் 'கன்ட்ரி' இசையின் உயிர்நாடியான பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழியாக வந்த கருவி. அந்த இசையே பிறகு வெள்ளையர் சொத்தானது. 1969இல் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்ட்டெல். அவரது இசைத்தட்டு நிறுவனத்தின் பெயர் 'பிளான்டேஷன்'. அடிமைகள் உழைத்துச் செத்த பண்ணைகளின் பெயர் அது. பாடும்போதே கூட்டத்திலிருந்து நிறவெறி வசைகள் வந்தன. 1970இல் ஓர் ஆல்பம். அதோடு கதவு சாத்தப்பட்டது. 2025இல் பியான்சே சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். விருது பெற்ற ஆல்பத்தில் லிண்டா மார்ட்டெலின் குரலும் இருக்கிறது. அங்கீகாரம் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

தமிழ்த்துறைகளும் தப்பவில்லை. நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். தொகுத்தவர் பெயர் அட்டையில். பாடியவள் பெயர் பின்னிணைப்பில், 'தகவலாளி' என்று. பாட்டுக் கட்டியவள் தகவலாளி, ஒலிப்பதிவுக் கருவியை அமுக்கியவர் ஆய்வாளர். முனைவர் பட்டம் நமக்கு. அவளுக்கு ஒரு தேநீர்.

தருமபுரி பழைய தகடூர். அதியமான் நெல்லிக்கனி கொடுத்தது இந்த மண்ணின் பாடினிக்குத்தான் என்று ஔவையைக் காட்டி ஆண்டுதோறும் பெருமையாகப் பாடம் நடத்துகிறோம். பாணர் மரபைப் புகழும் அதே வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாடினிக்குப் பத்துக்கு மூன்று.

மாணவிகளே, அடுத்த முறை களப்பணிக்குப் போகும்போது பாடுகிறவளின் பெயரை அட்டையில் போடுங்கள். வருகிற பணத்தில் அவளுக்குப் பங்கு கொடுங்கள். 'எந்தச் சுருதி?' என்று உங்கள் நடுவர்களைக் கேளுங்கள். என்னையும் கேளுங்கள். அந்தக் கட்டத்தை அடிக்காமல் இனி எந்த நடுவர் மேசையிலும் நான் உட்காரப்போவதில்லை.