வாடி வந்த மூங்கில் கன்று



பட்டணத்தில் வாங்கிய மூங்கில் கன்று லாரியில் வீடு வந்து சேருகிறது. இரண்டொரு நாளில் இலைகள் சுருண்டு உதிர்கின்றன. "காசு வீண்!" என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். வழிக் காற்றும் வெயிலும் செய்த வேலை அது. வேர் ஏற்றும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகும்போது, மூங்கில் இலையைச் சுருட்டும். அதுவும் போதாவிட்டால் உதிர்க்கும். உயிர் காக்க அது செய்யும் உபாயம்!

முதலில், பையோடு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து, எடுத்து வடிய விடுங்கள். தூக்கும்போது பையைப் பிடியுங்கள், தண்டை அல்ல. நாற்றங்காலில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். காற்றடிக்காத நிழலில் வைத்து, காலையும் மாலையும் இலைமேல் நீர் தெளியுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும். சேறானால் வேர் அழுகும். உரம் இப்போது வேண்டாம். நொந்த வேரை அது சுட்டுவிடும்.

சிறு கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். பசுமை தெரிந்தால் கணுக்களில் துளிர் வரும். தண்டே காய்ந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருக்கலாம். ஓரிரு மாதம் பொறுங்கள்.

துளிர்த்தபின் கொஞ்சங் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கி, வேர்மண் உடையாமல் பையைக் கிழித்து நடுங்கள். உதிர்ந்த இலைகளை அடியிலேயே பரப்புங்கள், ஈரம் காக்கும்.

வாங்கி வந்த தண்டு இனி உயராது. அதன் அடியில் கிளம்பும் குருத்துகளே அதைவிட உயரமாக வளரும். நம் வீடுகளில் பெற்றவரைவிடப் பிள்ளைகள் உயர்வதும் அப்படித்தானே!