நாணயமில்லாத நாணயம்

அட்சய திருதியை அன்று தியாகராய நகர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்பது என் நெடுநாள் விரதம். மயிலாப்பூரில் எங்கள் அடுத்த வீட்டு மாமி அதைக் கெடுத்தார். "பேத்திக்கு ஒரு காசு வாங்கணும். நீங்க கூட வந்தா ஏமாத்தமாட்டா" என்றார். நாவல் எழுதுகிறவனைக் கண்டால் நகைக்கடைக்காரர் நடுங்குவார் என்று நம்புகிற ஜீவன்கள் இன்னும் இருக்கின்றன. போனேன்.

மாமி முடிந்து கொண்டுவந்திருந்தது ஒரு பழைய பவுன். ஐந்தாம் ஜார்ஜ் தலை, 1918ஆம் வருஷத்தது. அவருடைய தாயாரின் காசுமாலையில் மிஞ்சிய கடைசிக் காசு. அதைப் போட்டுவிட்டு அவர் வாங்க விரும்பியது, வெல்வெட் பெட்டிக்குள் ஒய்யாரமாகப் படுத்திருந்த ஒரு புதுக் காசு. மகாலக்ஷ்மி உருவம், வரிசை எண், சான்றிதழ் எல்லாம் உண்டு. அதே எடையுள்ள சாதாரணக் காசைவிட விலை கணிசமாக அதிகம்.

"இது வெறும் தங்கம் இல்லை மேடம். சேகரிக்கிறவங்க தேடி வர்ற காசு. ஐந்நூறுதான் அடிச்சிருக்கோம். பின்னால தங்கத்துக்கும் மேலே போகும்" என்றான் கடைப் பையன்.

இந்த வாக்கியத்தோடுதான் என் சண்டை. பையனோடு அல்ல, அவன் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

ஐந்நூறுதான் அடித்தார்களாம்! என் முதல் நாவல் முந்நூறு பிரதிகூட விற்கவில்லை. அபூர்வம் என்றால் அதைவிட அபூர்வம் உண்டா? இரட்டை விலை கொடுக்க இன்றுவரை ஒரு பேர்வழியும் என் வாசலில் வந்து நிற்கவில்லை. குறைவாக இருந்தால் மட்டும் போதாது. வேண்டும் என்று தவிக்கிற இரண்டு பேராவது வேண்டும். அவர்களைப் பெட்டிக்குள் வைத்து விற்க முடியாது.

"ஏன், கோடிக்கணக்கில் விலைபோன நாணயங்கள் இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு. அமெரிக்காவில் 1933இல் 20 டாலர் தங்க நாணயம் 4,45,500 அடித்தார்கள். அதே வருஷம் அந்த அரசாங்கம் தங்க நாணயப் புழக்கத்தையே நிறுத்திற்று. அடித்ததையெல்லாம் பின்னர் உருக்கிவிட்டார்கள். தப்பிய சிலவற்றில் தனி மனிதர் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்த ஒரே நாணயம், 2021இல் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதிலிருக்கும் தங்கம் ஓர் அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவுதான்! ஆனால் அதை அபூர்வமாக்கியது யார்? விற்பனையாளரா? இல்லை. உலை. அருமை என்பது சரித்திரம் செய்யும் விபத்து. விளம்பர இலாகா செய்யும் பலகாரம் அல்ல.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். 100 ரூபாய்த் தங்கத்துக்கு அலங்காரமும் பெட்டியுமாக ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவிகிதம். 108 ரூபாய்ச் சொச்சம் ஆகிறது. மறுநாளே கொண்டுபோனால், தராசில் போட்டு, மாற்றுப் பார்த்து, மிகவும் யோக்கியமான கடையாயிருந்தால் 100 ரூபாய் தருவார்கள். லக்ஷ்மிக்கு விலை கிடையாது, வெல்வெட்டுக்குக் கிடையாது, கட்டிய வரியும் திரும்பாது. சில பேர் பாங்கில் வாங்கினால் பத்திரம் என்று எண்ணுகிறார்கள். தங்கம் சுத்தமாக இருக்கும், வாஸ்தவம். ஆனால் விற்ற காசை பாங்குகள் திரும்ப வாங்குவதில்லை. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் உஸ்மான் ரோட்டுத் தராசுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

சர்க்கார் காசு மட்டும் விதிவிலக்கா? 2015 நவம்பரில் நம் அரசாங்கம் ஒரு தங்கக் காசு வெளியிட்டது. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், மறுபக்கம் காந்தியடிகள்; 24 காரட், 5 கிராமிலும் 10 கிராமிலும். நல்ல தங்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கமாகவே வாங்குங்கள். தென்னாப்பிரிக்கா 1967 முதல் குருகராண்ட் என்ற நாணயத்தை லட்சக்கணக்கில் அடித்து, தங்க விலைக்குச் சற்றே மேல் வைத்து உலகெங்கும் விற்றது. 'இது ஓர் அவுன்ஸ் தங்கம்' என்று சொல்லிவிட்டு விற்றது. அதில் ஒரு நாணயம் இருக்கிறது.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாடுகளில் அரசாங்க நாணயச்சாலைகள் குறைவாக அடித்த சில புதுக் காசுகள் தங்கத்துக்கு மேல் விலை ஏறியதுண்டு. அங்கே எத்தனை அடித்தார்கள் என்ற கணக்கு வெளியாகிறது; விலைப் பட்டியல் உண்டு, ஏலம் உண்டு, வாங்கி விற்கும் கூட்டம் உண்டு. அப்படியிருந்தும் ஏறாமல் தூங்குபவையே அதிகம். நம் கடைக் காசுக்கு இவற்றில் எது இருக்கிறது?

பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, ஐந்து வருஷம் கழித்து இந்த அதிகப்படி விலையைச் சேர்த்து நீங்களே வாங்கிக்கொள்வதாக எழுதித் தருவீர்களா?" அவன் மானேஜரைக் கூப்பிட்டான். மானேஜர் அழகாகச் சிரித்தார். "பழைய தங்கத்துக்கு அன்னிக்கு என்ன ரேட்டோ அது, சார்" என்றார். என் கட்சியை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்!

அதற்குள் மாமியின் பவுனைத் தராசில் போட்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் வாங்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குதிரையின் காலடியில், தரையில், 'ஐ' என்ற சின்ன ஆங்கில எழுத்து. பம்பாயில் அடித்தது. அந்தக் காலத்தில் அங்கே பவுன் அடித்தது 1918 என்ற அந்த ஒரே வருஷத்தில்தான். ஏறத்தாழ 13 லட்சம். 7.988 கிராம், 22 காரட். நாம் அதன் பெயரை வைத்துக்கொண்டு சவரனை 8 கிராமாக உருட்டிக்கொண்டோம்.

இதுவும் புதையல் என்று நான் புளுகப் போவதில்லை. 13 லட்சம் அபூர்வம் அல்ல. மேலும் மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறது. சேகரிக்கிறவர் அதைப் பார்த்ததும் முகம் சுளிப்பார். ஆனால் எல்லாப் பவுனும் இப்படியல்ல. 1917இல் லண்டனில் அடித்தது மிக அரிது. அதே வருஷத்து ஆஸ்திரேலியப் பவுன் சர்வ சாதாரணம். அரிதானதற்குப் போலிகளும் நிறைய. ஆகவே உருக்கக் கொடுக்குமுன் விஷயம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டாமா? காட்டுவதில்லை. பாட்டி காசைக் கண்ணை மூடிக்கொண்டு எடைக்குப் போடுகிறோம். நேற்று அச்சான காசை எடைக்கு மேல் கொடுத்து வாங்குகிறோம். எது பார்க்கத்தக்கதோ அதைப் பார்ப்பதில்லை. எது இல்லையோ அதற்குப் பணம் கட்டுகிறோம்.

மற்ற பாஷைகளைப் பற்றி நான் அறியேன். தமிழில் காசுக்கும் சொல் தவறாமைக்கும் நாணயம் என்று ஒரே பெயர். காப்பாற்ற முடியாத வாக்கைப் பொறித்து விற்கிற பொருளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அது வில்லை. தங்க வில்லை. அந்த விலைக்கு வாங்குங்கள், போதும்.

மாமி பவுனைத் திரும்ப வாங்கி முடிந்துகொண்டார். பனகல் பூங்கா தாண்டியதும், "அப்போ இது எவ்வளவு பெறும்?" என்று கேட்டார்.

"தங்க விலைதான், மாமி."

"அவ்வளவுதானா? போகட்டும், அப்படியே பேத்திகிட்ட கொடுத்துடறேன். அதுக்கு ஜி.எஸ்.டி. கிடையாதே?"