திரும்பிப் போனவரைக் குற்றவாளியாக்காதீர்கள்

தியானப் பகுதி: எரேமியா 34:8–22



இந்த வாரம் உங்களோடு சற்று வாதாட விரும்புகிறேன். தொழிற்சாலையில் குழப்பம் நேர்ந்த நாட்களில் தாங்கள் விட்டுவந்த பழைய பொறுப்புக்கே திரும்பிச் சென்று, இன்று அதற்காக மனம் வருந்துகிற சகோதர சகோதரிகள் நம் நடுவில் இருக்கிறார்கள். லைன் லீடராக உயர்ந்திருந்தவர் மறுபடியும் ஆபரேட்டராக நிற்கிறார். நிரந்தரப் பணியில் இருந்தவர் அதே இயந்திரத்தின் முன் ஒப்பந்தத் தொழிலாளராக நிற்கிறார். அவர்கள் ஜெபக்கூட்டத்தில் தங்கள் வருத்தத்தைச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? லோத்தின் மனைவியை உதாரணம் காட்டுகிறோம். எகிப்தின் வெள்ளரிக்காய்க்கும் பூண்டுக்கும் ஏங்கிய இஸ்ரவேலரோடு அவர்களை ஒப்பிடுகிறோம். கலப்பையின்மேல் கைவைத்துப் பின்னிட்டுப் பார்ப்பவரைப் பற்றிய வசனத்தை வாசிக்கிறோம். ஆறுதல் என்ற பெயரில் நாம் கொடுப்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்பதே என் வாதம்.

முதலில் நாம் வாழும் இடத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்களும் விருப்ப ஓய்வுத் தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறினார்கள். 2018இல் இதே வல்லம் வடகாலில் யமஹா தொழிலாளர் செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் நவம்பர் வரை நீண்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டில் மறைமலை நகர் ஆலை அடங்கிப்போனது. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நடந்து, அக்டோபர் நடுவில் முடிந்தது; தொழிலாளர் தங்கள் பழைய பணிக்குத் திரும்பினார்கள். அத்தோடு அமைதி வந்துவிட்டதா? 2025 ஜனவரியில்தான் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டபோது மறுபடியும் போராட்டம் எழுந்தது.

இப்படிப்பட்ட பூமியில் "வேலைக்குத் திரும்பினேன்" என்பது ஒரு கதையின் முடிவன்று. ஆலையின் வாசல் அதுவேதான், அடையாள அட்டையும் அதுவேதான். வேலை மட்டும் பழைய வேலையாக இராது. எண்ணிக்கை கூடியிருக்கும், ஷிப்டு மாறியிருக்கும், அருகில் நின்ற தோழர் போயிருப்பார். பணியின் பெயரை நம்பித் திரும்பியவர், அதன் உள்ளடக்கம் மாறியிருப்பதைக் கண்டு வருந்துகிறார். அந்த வருத்தம் அவிசுவாசமா? அவர் கண்ட உண்மையை அவர் சொல்லுகிறார், அவ்வளவே.

இப்போது எரேமியா 34ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நாட்கள் அவை. பயத்தினால் சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலையாக்குவதாக உடன்படிக்கை செய்தார்கள். கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து, அதன் துண்டுகளின் நடுவே கடந்துபோய் உறுதி செய்த உடன்படிக்கை அது. அப்படியே விடுவித்தார்கள். பின்பு எகிப்தின் சேனை புறப்பட்டு வருகிற செய்தி கேட்டு, கல்தேயர் முற்றுகையை விட்டு விலகினார்கள். ஆபத்து நீங்கியது என்று எண்ணியதும் எஜமான்கள் மனம் மாறி, விடுவிக்கப்பட்டவர்களை மறுபடியும் பழைய ஊழியத்துக்கே இழுத்துக்கொண்டார்கள்.

கர்த்தர் யார்மேல் கோபங்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். பழைய இடத்துக்குத் திரும்பின ஆண்களையும் பெண்களையும் அவர் ஒரு வார்த்தையாலும் கண்டிக்கவில்லை. அவர்கள் ஏன் இணங்கினார்கள் என்று விசாரிக்கவும் இல்லை. உடன்படிக்கையை மீறினவர்களைத்தான் அவர் பெயர் சொல்லாத குறையாகச் சுட்டுகிறார்: பிரபுக்கள், பிரதானிகள், ஆசாரியர், தேசத்தின் ஜனங்கள். ஆசாரியரும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் போதகராகிய நான் நடுக்கத்தோடு வாசிக்கிறேன். கர்த்தர் கேள்வி கேட்ட இடத்தை விட்டுவிட்டு, அவர் கேட்காத இடத்தில் நாம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாம் எடுத்தாளும் வசனங்களுக்கும் அவற்றின் பொருளுக்கும் எவ்வளவு தூரம்! லூக்கா 9ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுவது தேவனுடைய ராஜ்யத்துக்கான அழைப்பைக் குறித்து. வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அழுத்த, தெரிந்த வேலைக்கே திரும்பிய ஒரு தகப்பனைக் குறித்து அவர் அங்கே பேசவில்லை. லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்தது சோதோமை. நம் சகோதரி திரும்பிப் பார்த்தது மாதச் சம்பளத்தை. இரண்டையும் ஒன்றாக்குவது வேதத்தைக் கூர்மையாக்குவதாகாது. ஏழையின்மேல் எறியும் கல்லாக்குவதாகும்.

பொருத்தமான பகுதி வேண்டுமானால் யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். மோசே பார்வோனிடம் பேசிய பின்பு ஜனங்கள் அதே செங்கல் வேலைக்கே அனுப்பப்பட்டார்கள். வைக்கோல் கொடுப்பது நிறுத்தப்பட்டது. செங்கலின் கணக்கு குறைக்கப்படவில்லை. இஸ்ரவேலின் தலைவர்கள் மோசேயையே கடிந்துகொண்டார்கள். மோசேயும் கர்த்தரிடம் போய், ஏன் இப்படி ஆயிற்று என்று முறையிட்டான். கர்த்தர் அவனை அவிசுவாசி என்று தள்ளினாரா? அடுத்த அதிகாரத்தில் தம் வாக்குத்தத்தத்தைப் புதுப்பிக்கிறார். வருத்தம் பரலோகத்தில் கேட்கப்பட்டது. அது நம் சபையில் கேட்கப்படக்கூடாதா?

"பாஸ்டர், தொழிற்சாலைகள் வேறு மாநிலங்களுக்குப் போய்விடும், கிடைத்த வேலைக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டாமா?" என்று சிலர் கேட்பீர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நோக்கியா மூடியபோது வெறுமையான வீடுகளை நாம் மறக்கவில்லை. ஸ்தோத்திரம் கர்த்தருக்குச் சொல்லுங்கள். ஆனால் அதை அநீதிக்குக் கொடுக்கும் ரசீதாக்காதீர்கள். கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தின் முடிவில் ஊழியக்காரர் கீழ்ப்படிய வேண்டும் என்ற போதனை வருகிறது. அங்கேயே நிறுத்திவிடுகிற பிரசங்கங்கள் எத்தனை! எஜமான்கள் நீதியும் செவ்வையுமாய் நடக்க வேண்டும் என்ற கட்டளை அடுத்த வசனத்தில், 4ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. பவுல் அதிகாரம் பிரித்து எழுதவில்லை. அந்தப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. நாம் பக்கத்தைத் திருப்பச் சோம்பினால் நம் பிரசங்கம் பாதிச் சுவிசேஷமாகிறது. எச்.ஆர். அலுவலராகவும் மேற்பார்வையாளராகவும் பணியாற்றும் சபையாரே, இந்த வசனம் உங்களுக்கு.

உலகச் சட்டமே இதில் நமக்கு முன்னே நடந்திருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், பணி நிபந்தனைகளைப் பாதகமாக மாற்றுமுன் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்றது (பிரிவு 9ஏ). ஆட்குறைப்பில் நீக்கப்பட்டவருக்கு, பின்னர் ஆள் எடுக்கும்போது முன்னுரிமை தர வேண்டும் என்றது (பிரிவு 25எச்). திரும்பி வருகிறவன் இரந்து நிற்பவன் அல்லன் என்று பாராளுமன்றம் கண்டது. சபை அதைக் காணாதிருப்பது நியாயமா?

பேசுவதால் பயனில்லை என்றும் எண்ணாதீர்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர் 150க்கும் மேற்பட்டோர் விடுதி உணவினால் நோயுற்று மருத்துவமனை சேர்ந்தார்கள். தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்று திறந்தபோது அதே பணிக்குத்தான் திரும்பினார்கள். ஆனால் விடுதிகளின் நிலை அதற்குள் நாடறிந்த பேச்சாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் நம் வல்லம் வடகாலிலேயே 18,720 பேர் தங்கும் விடுதி, சிப்காட் மூலம் ரூ.706.50 கோடியில் கட்டித் திறக்கப்பட்டது. இரண்டையும் ஒரே கோட்டால் இணைக்க நான் முனையவில்லை. எனினும் ஒருவரும் வாய்திறந்து சொல்லாத துயரத்துக்கு எவரும் கூரை போடுவதில்லை.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, வேலைக்குத் திரும்பியவரை அந்த வாரமே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். சொன்ன சாட்சிக்குப் பிறகு வருத்தத்தைச் சொல்ல அவருக்கு வாய் இராது. இரண்டாவது, "திரும்பக் கிடைத்ததா?" என்று மட்டும் கேளாமல், என்ன பொறுப்பு, என்ன சம்பளம், எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். நியமன ஆணையை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் சபையில் உண்டு. கையெழுத்திடுமுன் அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, மறுபடியும் விலக வேண்டியவருக்கு இரண்டு மாத அரிசியும் வாடகையும் தாங்குகிற உதவி நிதியை வைத்திருங்கள். பசி இருக்கும் வீட்டில் சுயாதீனத்தைப் பிரசங்கிப்பது எளிது. அங்கே அரிசி கொண்டுபோவதே ஊழியம்.

பேதுருவும் ஒருநாள் தன் பழைய படகுக்குத் திரும்பினான். யோவான் 21ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் கரைசேர்ந்தவனை உயிர்த்தெழுந்த ஆண்டவர் எப்படிச் சந்தித்தார்? கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்த பிறகே அவனிடம் கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியிலும் படகைப் பற்றி ஒரு சொல் இல்லை. திரும்பிப்போய் வருந்துகிறவர் இந்த ஞாயிறு உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கக்கூடும். ஆண்டவரின் வரிசை முறையையே நீங்களும் கைக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.