மரத்துக்கு வேலி, கழுதைக்குக் கல்லு

போன லீவுக்குக் கம்பஸ் நண்பன் ஒருத்தன் மன்னாருக்கு வந்திருந்தான். முதல் வேலையா பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனன். சுற்றளவு 19 மீற்றருக்கு மேல. ஆள் வாயைப் பிளந்துட்டான். திரும்பி வரேக்க றோட்டுக்குக் குறுக்கால நாலைஞ்சு கழுதையள். "இதுகள் ஆருடையது?" எண்டு கேட்டான். "ஆருடையதும் இல்லை" எண்டன். அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துது.

மரம், கழுதை ரெண்டுக்குமே பூர்வீகம் ஆபிரிக்காதான். ரெண்டையும் அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகத்தான் இங்க சொல்லுவினம். ஆனால் மரம் மரபுரிமை, கழுதை தொல்லை. ஏனெண்டால் மரம் நடக்காது, தோட்டத்துக்குள்ள பூராது, இரவில மோட்டர்சைக்கிளுக்குக் குறுக்க வராது. இந்தக் கோபத்தில நியாயம் இருக்கு. விழுந்து கையை முறிச்சவனிட்டப் போய் "இது எங்கட பெருமை" எண்டு சொல்ல ஏலாது.

இது மன்னாருக்கு மட்டுமான சிக்கல் இல்லை. பொலினீசியர்கள் பசிபிக் தீவுகளில் குடியேறியபோது பன்றி, நாய், கோழி எல்லாம் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். இன்று ஹவாயில் காட்டுப்பன்றி காட்டைக் கிண்டி நாசமாக்குகிறது. அதே பன்றி வேட்டை அங்குள்ள பலருக்குப் பண்பாடு. ரெண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். நாங்கள் வாதாடக்கூட இல்லை, கல்லெடுத்து எறிந்துவிட்டுப் போகிறோம்.

பக்கத்தில நெடுந்தீவைப் பாருங்கோ. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வாரிசுகளைப் பார்க்கவே ஆக்கள் வள்ளமேறிப் போகினம். குதிரைக்குக் கமரா, கழுதைக்குக் கல்லு. 'கழுதை' எண்டதை நாங்கள் திட்டுறதுக்கு வைத்திருப்பதும் ஒரு காரணமோ தெரியாது.

என்னைப் பொறுத்தவரை மரபுரிமை எண்டது முதலில் பொறுப்பு. ஒரு காலத்தில பொதி சுமக்க வைத்தோம். லொறியும் லாண்ட்மாஸ்ரரும் வந்தவுடன அவிட்டு விட்டோம். இப்ப அதுகள் குப்பைமேட்டில பொலித்தீன் தின்னுதுகள். பிரிட்ஜிங் லங்கா நிறுவனம் மன்னாரில் கழுதைகளுக்கென்று ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியது நல்ல விசயம். ஆனால் ஒரு நிறுவனம் மட்டும் பார்க்கிற வேலையா இது? கணக்கெடுப்பு, இரவில மின்னுற கழுத்துப்பட்டி, கோடையில ஒரு தண்ணித்தொட்டி, மூடி வைத்த குப்பைத்தொட்டி: இதுக்குப் பெரிய காசு தேவையில்லை. மனிசருக்கும் விபத்துக் குறையும்.

அடுத்தமுறை அவன் வந்து அதே கேள்வியைக் கேட்டால், "எங்கடது" எண்டு சொல்லவேணும். சொன்னால் பார்க்கவும் வேணும்.