காசு கதைக்காது, வாயைக் கட்டும்

"சுயாதீன சிந்தனைக் குழாம்" என்று கேட்டவுடனே நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறோம். அரசியல்வாதி சொன்னால் பொய், பத்திரிகை சொன்னால் சந்தேகம். வொஷிங்டனில இருந்து அறிக்கை வந்தால் மட்டும் அது ஆய்வு! இந்த மரியாதையைத்தான் முதலில் கேள்வி கேட்க வேணும்.

2014 செப்டெம்பரில் நியூயோர்க் டைம்ஸ் ஒரு கணக்கைப் போட்டு உடைத்தது. புரூக்கிங்ஸ் நிறுவனத்துக்கு நான்கு வருடங்களில் 14.8 மில்லியன் டொலர் தர கட்டார் அரசு ஒப்புக்கொண்டிருந்தது. நோர்வேயும் ஐக்கிய அரபு அமீரகமும் வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்தன. லண்டனிலும் இதே கதைதான். பஹ்ரேன் அரச குடும்பத்திடமிருந்து ஐஐஎஸ்எஸ் நிறுவனம் 25 மில்லியன் பவுணுக்கு மேல் வாங்கியது 2016இல் கசிந்த ஆவணங்களால்தான் வெளியே வந்தது. ஆயுதக் கம்பனிகளின் நன்கொடை தனி.

"காசு தருபவர் எங்கள் முடிவைத் தீர்மானிப்பதில்லை" என்பதுதான் இவர்களின் வழமையான பதில். சரி, ஒருவரும் தொலைபேசி எடுத்து "இப்படி எழுது" என்று சொல்லுவதில்லை என்றே வைத்துக்கொள்ளுவம். அதற்குத் தேவையும் இல்லையே. புரூக்கிங்ஸின் டோஹா கிளையில் இருந்த ஓர் ஆய்வாளர், கட்டார் அரசை விமர்சிக்க முடியாது என்று வேலைக்கான நேர்முகத்திலேயே தனக்குச் சொல்லப்பட்டதாக அதே பத்திரிகையிடம் கூறினார். எழுதிய வரியில் பொய்யைத் தேடிப் பிரயோசனமில்லை. எழுதப்படாத பக்கத்தில்தான் விசயம் இருக்கு.

இது தூரத்துக் கதை இல்லை. யுத்தம் முடிந்து ஐந்து வருடத்தில், 2014இல், இலங்கை அரசு அமெரிக்காவில் தன் முகத்தைக் கழுவ இமாட் சுபேரி என்பவருக்கு 6.5 மில்லியன் டொலர் அனுப்பியது. அவர் அதில் பெரும்பகுதியைச் சுருட்டிவிட்டார். வெளிநாட்டு முகவராக ஒழுங்காகப் பதியாதது உட்பட பல குற்றங்களுக்காக 2021இல் அவருக்கு 12 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மாட்டுப்பட ஒரு சட்டம் இருந்தது: 1938ஆம் ஆண்டின் வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டம். ஆனால் அதே சட்டத்தில் கல்விசார் வேலைக்கு விலக்கு உண்டு. தரகருக்குப் பதிவு, ஆய்வாளருக்கு மரியாதை. ஒரு அரசுக்கு எந்தக் கதவு வசதி, நீங்களே சொல்லுங்கோ.

அப்ப எல்லா ஆய்வையும் குப்பையில் போடுவதா? இல்லை. காசு இல்லாமல் ஆய்வு நடக்காது. குயின்சி நிறுவனத்தையே எடுங்கள். 2019இல் அது சொரொஸ், கோக் ஆகியோரின் பணத்தோடுதான் தொடங்கியது. ஆனால் அமெரிக்காவின் முன்னணி 50 சிந்தனைக் குழாம்களுக்கு யார் காசு கொடுக்கினம் என்ற பட்டியலைப் பொதுவில் போட்டதும் அதுதான். அந்த 50இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை தங்கள் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லுவதே இல்லை. பிரச்சினை காசு வாங்குவதில் இல்லை, மறைப்பதில்தான்.

நாளைக்கு இந்து சமுத்திரம் பற்றியோ எங்கட துறைமுகங்கள் பற்றியோ ஒரு அறிக்கை கைக்கு வந்தால், முடிவுரைக்கு முதல் நன்கொடையாளர் பட்டியலைத் தேடுங்கள். யார், எவ்வளவு, எந்த வேலைக்கு? இந்த மூன்றும் இல்லாவிட்டால் அதை ஆய்வு என்று பகிராதீர்கள், விளம்பரம் என்று சொல்லுங்கள். கொழும்பில் அச்சடித்த அறிக்கைக்கும், யாழ்ப்பாணத்தில் நடக்கும் கருத்தரங்குக்கும் இதே கேள்விதான். எங்கட ஆட்கள் என்பதற்காக ஒருவருக்கும் விலக்கு வேண்டாம்.