சிதையாத சிற்றில்

எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் கொய்யா மரத்துக்கும் இடையே ஒரு மரவீடு இருக்கிறது. ஐந்தடிக்கு நான்கடி. பச்சை வண்ணம், தகரக் கூரை, மூன்றடி உயரத்தில் ஒரு கதவு, இரண்டு சன்னல்கள். மகளுக்கு ஐந்து வயதானபோது, 2010-இல், வீட்டு மராமத்தில் மிஞ்சிய பலகைகளைக் கொண்டு ஆசாரி ஒருவர் செய்து தந்தது. அவள் இப்போது வெளியூரில் முதுகலை வேதியியல் படிக்கிறாள். பத்தாண்டுகளாக அவ்வீட்டில் ஓட்டை வாளியும் தேங்காய் மட்டையுமே குடியிருந்தன. இந்தத் தை மாதத்தில் அதைக் கோழிக்கூடாக்கிவிடலாம் என்று என் துணைவி சொன்னபோது நான் மறுத்தேன்.

குழந்தை விளையாடிய இடம் என்பதே நான் சொன்ன காரணம். என் வயதொத்த நண்பர்கள் பலருடைய வீடுகளிலும் இப்படி ஏதேனும் ஒன்று உண்டு. பரணில் நடைவண்டி, மாடிப்படிக்கு அடியில் மூன்று சக்கர மிதிவண்டி. எறிய மனம் வராது. பிறர் பிள்ளைக்குக் கொடுக்கவும் மனம் வராது. இதைப் பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு இப்போது அதில் ஐயம் வந்துவிட்டது.

சிற்றில் என்ற சொல்லை இருபதாண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறேன். சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் வீடு. அலை வந்து அதை அழிக்கும். இல்லையேல் ஒரு பையன் வந்து காலால் சிதைப்பான். கலித்தொகையின் 51-ஆம் பாட்டில் தலைவி தோழியிடம் நினைவுகூர்வது அப்படிச் சிதைத்தவனைத்தான். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்ற மன்றாட்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் அதை ஒரு பருவமாகவே வகுத்துக்கொண்டது. இவற்றிலெல்லாம் சிறுமியரின் சினம் மெய்யான சினம்தான், நடிப்பன்று. ஆனால் சிற்றிலைக் கட்டிக்காத்து வைத்த தாயொருத்தியை நான் படித்த எந்தப் பாட்டிலும் கண்டதில்லை. மறுநாளைக்கு வேறு மணல் இருந்தது.

நாங்களோ சிற்றிலைப் பலகையால் கட்டி, திருகாணி முடுக்கி, எனாமல் பூசிவிட்டோம். எங்கள் கொல்லைக்கு அலையும் வரவில்லை. விளையாடியவள் வளர்ந்து வெளியேறிய பின்னும் அது நின்றது, நானும் அதைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்வந்தேன்.

கோழிக்கும் குழந்தை விளையாட்டுக்கும் என்ன உறவு என்று கேட்டவர்களுக்குப் பட்டினப்பாலையில் விடை இருக்கிறது. காயவைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அது கிடந்து, சிறுவர் உருட்டும் மூன்றுகால் சிறுதேரின் வழியை மறிக்கிறது. புகாரின் செல்வச் செழிப்பைப் புலப்படுத்துக என்று ஐந்து மதிப்பெண் வினாவாகவே இதை நடத்திப் பழகிவிட்டோம். பொன்னைப் பார்த்த கண்ணுக்கு முற்றம் தெரியவில்லை. உணவும் கோழியும் தாயும் பிள்ளையின் விளையாட்டு வண்டியும் ஒரே முற்றத்தில், ஒன்றன் வழியில் ஒன்று குறுக்கிட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன. நமக்குத்தான் கோழி நாமக்கல்லுக்கும் குழந்தை கணினிக்கும் போய்விட்டன. (நாமக்கல் பண்ணைகளின் கம்பிக்கூண்டில் ஒரு முட்டைக்கோழிக்குக் கிடைக்கும் இடம், நான் திருத்தும் விடைத்தாளைவிடச் சிறியது.)

இப்படியெல்லாம் சிந்தித்து நான் மனம் மாறியதாக எண்ணவேண்டாம். துணைவி மூன்று நாள் பேசவில்லை; மாறினேன்.

வேலையில் இறங்கிய பிறகுதான் கோழிக்கு வீடு கட்டுவது குழந்தைக்குக் கட்டுவதைவிடக் கடினம் என்று தெரிந்தது. கடைகளில் கிடைக்கும் மெல்லிய அறுகோணக் கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்துமே தவிரக் கீரியையும் காட்டுப்பூனையையும் வெளியே நிறுத்தாது. சன்னல்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலை அடித்தோம். மாலையில் வெருகு நெருங்க, புகலிடம் தெரியாமல் திரளும் குஞ்சுகளைத் தாய்க்கோழி கூவி அழைக்கும் காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை 139-இல் உவமையாக வைத்திருக்கிறார். அவர் காலத்து வெருகு இன்றும் எங்கள் வேலியோரம் வருகிறது. தகரக் கூரை சித்திரை வெயிலில் அடுப்பாகும். மேலே தென்னங்கீற்று வேய்ந்து, கூரைக்குக் கீழே சூடு வெளியேற ஒரு சாண் இடைவெளி விட்டோம். உறங்குவதற்குக் குறுக்கே இரண்டு சவுக்குக் கம்பு, தரையில் உமி, முட்டையிட வைக்கோல் பரப்பிய இரண்டு கூடை.

எஞ்சியது வண்ணப்பூச்சு. தொலைபேசியில் மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பச்சைப் பெயிண்ட் எந்த வருஷம் அடிச்சதுப்பா?" என்பது. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பச்சை அதற்கு ஏழாண்டு மூத்தது. கோழி கண்டதையும் கொத்தும்; உரிந்த செதிலைத் தின்றால் ஈயம் முட்டையின் மஞ்சள் கருவில் சேரும். "எல்லாத்தையும் சுரண்டிடுங்க. காய்ஞ்சபடி தேய்க்காதீங்க, தூசி உங்களுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சுச் சுரண்டுங்க" என்றாள்.

சுரண்டுவதற்காகத்தான் முதன்முறையாக அந்தக் கதவுக்குள் குனிந்து நுழைந்தேன். பின்சுவரில் மெழுகு வண்ணக்கோலால் ஒரு வருகைப்பதிவேடு. கோடு போட்டு, கட்டம் கட்டி, பொம்மைகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கரடி, சிண்ட்ரெல்லா, ஒற்றைக்கண் யானை. எல்லாருக்கும் 'வ'. கடைசிப் பெயர் 'அப்பா'. அதற்கு நேரே பதினான்கு கட்டங்கள், பதினான்கிலும் 'இ'. வந்தவருக்கு வ, இல்லாதவருக்கு இ. நான் வீட்டுக்குக் கொண்டுவரும் பதிவேட்டைப் பார்த்துக் கற்றிருக்கிறாள். கூடத்தில் தாள் திருத்திக்கொண்டிருந்த எனக்கும் அந்த மரவீட்டுக்கும் இடையே இருபதடி தொலைவுகூட இல்லை.

அன்று மாலை மீண்டும் அழைத்துச் சொன்னேன். சிரித்தாள். "நீங்க உள்ள வந்ததே இல்லையா? இப்பத்தான் பார்த்தீங்களா?" என்றாள். அந்தப் பலகையை என்ன செய்வது என்றேன். "அதுலயும் அதே பெயிண்ட்தானேப்பா."

அந்த ஒரு பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு புதிது அடித்துவிடலாம் என்றார் ஆசாரி. நல்ல யோசனைதான். கழற்றினால் அது எங்கே போகும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது: பரணில், நடைவண்டிக்குப் பக்கத்தில். குழந்தையின் பொருளைக் காப்பதாகச் சொல்லி நாம் காப்பது பெரும்பாலும் நம்மைப் பற்றிய ஒரு நல்ல நினைவை. இந்தப் பலகை என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. தண்டனையையும் நினைவுப்பொருளாக்கிக்கொள்ளலாம் போலும். வேண்டாம் என்றேன். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டதை மறைக்கவில்லை. பிறகு தண்ணீர் தெளித்து நானே சுரண்டினேன். செதில்களைத் தார்ப்பாயில் வாரிக் கட்டினேன். எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தாயிற்று. செள் அண்டாது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார்.

இப்போது ஆறு சிறுவிடைப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. வெள்ளைக்கழிச்சலுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டாயிற்று. பொழுது சாய்ந்ததும் அவை தாமாகவே உள்ளே போய்விடுகின்றன. கதவடைக்குமுன் எண்ண வேண்டியது என் வேலை. நேற்று ஆறுதான் இருந்தன. மின்விளக்கை எடுத்துக்கொண்டு தேடினால், ஏழாவது கொய்யாக் கிளையில் கழுத்தை ஒடுக்கி உறங்கிக்கொண்டிருக்கிறது. நாற்காலி போட்டு ஏறி இறக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, கம்பில் ஏற்றிவிட்டு வந்தேன்.